ஆரியசாலையில் மஞ்சுகுவோ நாயரைத் தேடி

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து மூன்று சாமிகள் திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்டுப் போகும். பத்மநாபபுரத்துத் தேவாரக்கெட்டு சரஸ்வதி யானை மேல் போவாள். வேளிமலைக் குமாரசாமிக்கும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கைக்கும் பல்லக்கு. புறப்படுமுன் அரண்மனை உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாளைக் கைமாற்றிக் கொடுப்பார்கள். களியக்காவிளை எல்லையில் தமிழ்நாட்டுப் போலீஸ் விடைகொடுக்கும், கேரளப் போலீஸ் வரவேற்கும். தலைநகரம் சேர்ந்ததும் சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம். நங்கைக்குச் செந்திட்டை. முருகனுக்கு ஆரியசாலை தேவி கோயில்.

திருவிதாங்கூர் என்ற நாடு இப்போது இல்லை. அரசர் பட்டமும் இல்லை. வாள் மட்டும் வருஷம் தவறாமல் கை மாறுகிறது. நாடு போன பிறகும் அதன் சடங்குகள் இப்படி நிலைத்து நிற்பதில் எனக்கு ஒரு பிரியம் உண்டு. ஆனால் இந்தமுறை ஆரியசாலைக்குக் கிளம்பியதற்குக் காரணம் இதற்கு நேர்மாறான ஒன்று. நாடே இல்லாமல் அதன் சடங்குகளை மட்டும் ஒன்றுவிடாமல் செய்து வைத்திருந்த ஓர் இடம் இருந்தது. வடகிழக்குச் சீனத்தில் ஜப்பான் ராணுவம் கட்டி எழுப்பிய மஞ்சுகுவோ. அங்கே போய் வேலை பார்த்து, ‘மஞ்சுகுவோ நாயர்’ என்றே பெயர் வாங்கிய ஒருவர் இந்தச் சாலையில் வரும் ஊர்க்காரர்.

நவராத்திரி இல்லாத சாதாரண நாள் ஒன்றில் வடசேரியில் பஸ் ஏறினேன். சாமிகள் போகும் அதே வழிதான். மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை. நெய்யாற்றின்கரையில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக ஊரை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். ஏ.எம். நாயர் 1905இல் பிறந்த ஊர் இது. இங்கிருந்து அவர் 1928இல் ஜப்பானுக்குப் படிக்கப் போனார். கியோட்டோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் சிவில் எஞ்ஜினியரிங். அவர் படிப்பை முடிக்கும் நேரத்தில் மஞ்சுகுவோ பிறந்தது.

பிறந்த கதை சுருக்கமானது. 1931 செப்டம்பர் 18 இரவு, முக்டென் நகருக்கு வெளியே ஜப்பானின் தென் மஞ்சூரிய ரயில்பாதையில் ஒரு சின்ன வெடி வெடித்தது. வைத்தவர்கள் ஜப்பானின் குவாண்டுங் படை அதிகாரிகளே. பழி சீனர்கள் மேல் போட்டு, சில மாதங்களில் மஞ்சூரியா முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். 1932 மார்ச் 1 அன்று ‘புதிய நாடு’ அறிவிக்கப்பட்டது. சீனத்தின் கடைசிச் சக்கரவர்த்தியாக இருந்து சிறுவயதிலேயே அரியணை இழந்த பூயீயைத் தேடிப் பிடித்துத் தலைவராக்கினார்கள். இரண்டு வருஷம் கழித்து அவரைச் சக்கரவர்த்தி என்றும் அழைத்தார்கள். சாங்சுன் நகரத்துக்கு சிங்ஜிங், அதாவது புதிய தலைநகரம், என்று பெயர் மாற்றினார்கள். கொடி, தபால்தலை, நாணயம், தேசியகீதம் எல்லாம் வந்தன. ஜப்பானியர், சீனர், மஞ்சுக்கள், மங்கோலியர், கொரியர் என்ற ஐந்து இனங்களின் ஒற்றுமை என்ற முழக்கமும் வந்தது.

எல்லாம் இருந்தன. சட்டமன்றம் என்று ஒன்று காகிதத்தில் இருந்தது, ஒருநாளும் கூடவில்லை. மூன்று கோடிப் பேர் வாழ்ந்தார்கள். குடியுரிமைச் சட்டம் மட்டும் கடைசிவரை போடவில்லை. போட்டால் அங்கே குடியேறிய ஜப்பானியர் எந்த நாட்டுக்காரர் என்ற கேள்வி வந்துவிடும். பிரஜை இல்லாத ராஜ்ஜியம்!

பாலராமபுரம், நேமம், கரமனை கடந்து கிள்ளிப்பாலத்தில் இறங்கினேன். இங்கிருந்து உள்ளே திரும்பினால் ஆரியசாலை. அப்படியே மேற்கே நடந்தால் சாலைக் கம்போளம் கிழக்கேகோட்டை வரை நீள்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய சந்தை. அன்று முதல் தெற்கேயிருந்து வந்த தமிழ் வியாபாரிகள் இங்கே இருக்கிறார்கள். பெயர்ப்பலகை மலையாளத்தில் இருக்கும், கல்லாவில் பேச்சு திருநெல்வேலியில் ஓடும். சுமட்டுத் தொழிலாளிகள் சாக்கு மூட்டையோடு வரும்போது வழிவிடாவிட்டால் இரண்டு மொழியிலும் வசவு கிடைக்கும். எனக்கு மலையாளத்தில் கிடைத்தது.

வத்தல், மல்லி, நல்லமிளகு, பெருங்காயம் எல்லாம் கலந்த அந்த நெடிக்குள் நாயரைத் தேடி வந்ததில் ஒரு நியாயம் உண்டு. யுத்தம் முடிந்து அரசியல் ஓய்ந்தபின் அவர் 1949இல் டோக்கியோவின் கின்சாவில் ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தார். ‘நாயர் உணவகம்’ ஜப்பானியருக்கு இந்தியக் குழம்பைப் பழக்கிய இடங்களில் ஒன்றாகிவிட்டது. அவருக்கு முன்னோடி, அரசியலிலும் குழம்பிலும், ராஷ் பிகாரி போஸ். 1915இல் ஜப்பானுக்குத் தப்பி ஓடி, டோக்கியோவில் நகாமுராயா கடைக்காரர் வீட்டில் ஒளிந்திருந்து, அந்த வீட்டுப் பெண்ணையே மணந்தவர். 1927இல் அந்தக் கடையில் இந்தியக் குழம்பு விற்பனைக்கு வந்தது. புரட்சிக்காரர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. அந்நிய ஊரில் முப்பது வருஷம் காத்திருக்கிற மனிதனுக்கு ராணுவ ஜெனரலைவிட மல்லிப்பொடியே உற்ற துணையாக இருந்திருக்க வேண்டும்.

ஆரியசாலையில் ஒரு மொத்த மளிகைக் கடையில் போய் நின்றேன். கல்லாவில் எழுபது தாண்டிய ஒரு அண்ணாச்சி. பின்னால் கிட்டங்கியில் மூட்டைகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

“அண்ணாச்சி, இந்தப் பக்கத்து நாயர் ஒருத்தர் ஜப்பானுக்குப் போயி பெரிய ஆளா இருந்தாரு, கேள்விப்பட்டிருக்கீங்களா?”

“திருவந்தரத்துல வந்து நாயரைத் தெரியுமான்னு கேக்கீங்களே தம்பி. எந்த நாயரு?”

சொன்னேன். தெரியவில்லை. ஆனால் ஜப்பான் என்ற சொல் அவருக்குள் எதையோ கிளறிவிட்டது. முக்காலியை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார்.

“எங்க தாத்தா ரங்கூன்ல அரிசி மண்டியில கணக்கு எழுதிக்கிட்டு இருந்தாரு. ஜப்பான்காரன் குண்டு போட்டான். வெள்ளைக்காரன் கப்பல்ல எடம் தரல்ல. நடந்தே வந்துட்டாரு. வந்து சேந்தப்ப காலு ரெண்டும் காலா இல்லைன்னு ஆச்சி சொல்லும். ஊருக்குப் போகாம இங்க வந்து மூட்டை தூக்குனாரு. மூட்டை தூக்க அரிசி எங்க இருந்துச்சு? மரச்சீனிக் கெழங்குதான்.”

அவர் குடும்பக் கதையில் சாலைக் கம்போளத்தின் யுத்தகால வரலாறு அடங்கியிருந்தது. ரங்கூன் மேல் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது 1942 மார்ச் 8. பர்மாவிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் காடும் மலையும் தாண்டி நடந்தார்கள். வழியில் பல்லாயிரம் பேர் செத்தார்கள். திருவிதாங்கூரோ தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பங்கை வெளியிலிருந்து, முக்கியமாகப் பர்மாவிலிருந்து, வாங்கித் தின்று பழகிய நாடு. தென்னையும் மிளகும் விற்று அரிசி வாங்குவது அதன் கணக்கு. அந்தக் கணக்கு ஒரே மாதத்தில் அறுந்தது. ரேஷன் வந்தது. சேர்த்தலைப் பக்கத்தில் கயிறு திரித்து வயிறு வளர்த்தவர்கள் பட்டினியில் மடிந்தார்கள். 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா முன்னின்று பரப்பிய மரச்சீனி, ஏழைகளின் ஒரே சோறாயிற்று.

அரிசி விளைந்த பர்மாவிலும் ஒரு பொம்மை அரசு வந்தது. 1943 ஆகஸ்ட் 1 அன்று பா மாவைத் தலைவராக வைத்து ‘சுதந்திர பர்மா’வை ஜப்பான் அறிவித்தது. சுதந்திர பர்மாவின் அரிசி சுதந்திரமாக எங்கும் போகவில்லை. கப்பல்களை நேச நாடுகள் மூழ்கடித்தன. மீதியை ஜப்பான் ராணுவம் எடுத்துக்கொண்டது. அதே வருஷம்தான் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில்பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். ஆசியா ஆசியருக்கே என்று எழுதிய சுவரொட்டிகள் அந்தத் தோட்டங்களிலும் ஒட்டியிருந்திருக்கும்.

அண்ணாச்சி எனக்கு ஒரு கட்டஞ்சாயா வாங்கிக் கொடுத்துவிட்டு, “ஜப்பான்காரன் நல்லவனா கெட்டவனா, நீங்க படிச்சவரு சொல்லுங்க” என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. தாத்தா என்ன சொல்வார் என்று கேட்டேன்.

“அவரு ரெண்டு பேரையும் ஏசுவாரு. வெள்ளைக்காரனைக் கொஞ்சம் கூட.”

ஆரியசாலையிலிருந்து வடக்கே நடந்தால் செந்திட்டை. முன்னுதித்த நங்கை வந்து தங்கும் கோயிலைத் தாண்டி, ரயில் பாதைக்கு மேலே ஏறும் பாலத்தில் போனால் தைக்காடு. வெயில் உச்சந்தலையில் இறங்கினாலும் நடக்க முடிகிற தூரம்தான். இந்த நடையில் நாயரைப் பற்றி யோசித்துக்கொண்டே போனேன்.

மாணவப் பருவத்திலேயே அரசுக்கு எதிரான கிளர்ச்சிகளில் பங்கெடுத்தவர் அவர். 1930களில் மஞ்சூரியாவுக்குப் போனார். உள் மங்கோலியப் பாலைவனம்வரை சுற்றினார். எழுபது வயதுக்கு மேல் ஆங்கிலத்தில் எழுதிய தன் வரலாற்றில் அந்த நாட்களைச் சாகசக் கதையின் உற்சாகத்தோடு சொல்கிறார். ஆங்கிலேயருக்கு எதிராக ஆசிய மக்களைத் திரட்ட மஞ்சுகுவோ ஒரு மேடை என்பது அவர் நினைப்பு. முள்ளை முள்ளால் எடுக்கிற வேலை. ஆனால் அந்த இரண்டாவது முள் ஏற்கெனவே ஒரு சீனக் குடியானவன் காலில் குத்திக்கொண்டிருந்தது. அவன் நிலத்தை அடிமாட்டு விலைக்குப் பிடுங்கி ஜப்பானியக் குடியேறிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அபினி விற்பனையை அரசே ஏகபோகமாக வைத்துக் காசு பார்த்தது. ஹார்பின் நகருக்கு அருகே பிங்ஃபாங்கில் 731ஆம் பிரிவு உயிருள்ள கைதிகள் மேல் நோய்க்கிருமிகளைச் சோதித்தது.

தைக்காட்டில் அரசு விருந்தினர் மாளிகையின் வாசலில் போய் நின்றேன். உள்ளே விட மாட்டார்கள் என்று தெரியும். மரங்களுக்கிடையில் ஓடுவேய்ந்த கூரையின் ஒரு பகுதி தெரிந்தது. இதுதான் பழைய பிரிட்டிஷ் ரெசிடென்சி. நாயரைத் தேடி வந்தவன் பார்க்க வேண்டிய முக்கியமான கட்டடம் இதுவே என்று எனக்குத் தோன்றியது.

1795 ஒப்பந்தத்தால் கிழக்கிந்தியக் கம்பெனியோடு திருவிதாங்கூர் கட்டுண்டது. 1805 ஒப்பந்தத்தில் முடிச்சு இறுகியது. கம்பெனிப் படையின் செலவுக்கு வருஷம் எட்டு லட்சம் ரூபாய். தன்னைக் காக்கும் படைக்குத் தானே பணம் கட்ட வேண்டும், அந்தப் படையோ அயலான் சொல் கேட்கும். ரெசிடென்ட் கர்னல் மெக்காலேயை எதிர்த்து வேலுத்தம்பி தளவாய் கிளம்பியதும், 1809 ஜனவரியில் குண்டறையில் அறைகூவல் விடுத்ததும், அதே ஆண்டில் மண்ணடியில் உயிர்விட்டதும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். அடுத்து நடந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. 1810இல் கர்னல் மன்றோ ரெசிடென்டாக வந்தார். 1811இல் அவரே திவானும் ஆனார். அரியணையில் இருபது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த கௌரி லட்சுமிபாய் ராணி. கம்பெனியின் தூதரும் ராணியின் முதலமைச்சரும் ஒரே ஆள். திவான் ரெசிடென்டுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தால் மன்றோ மன்றோவுக்கு எழுதிக்கொள்ளலாம்.

இனி சிங்ஜிங்குக்குப் போகலாம். 1932 ஆகஸ்டில் ஜெனரல் முத்தோ நொபுயோஷி மஞ்சுகுவோவுக்கு நியமிக்கப்பட்டார். குவாண்டுங் படையின் தளபதி அவர். மஞ்சுகுவோவுக்கான ஜப்பானியத் தூதரும் அவரே. செப்டம்பர் 15 அன்று இரு நாடுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மஞ்சுகுவோவின் பாதுகாப்பு ஜப்பான் படையின் பொறுப்பு. அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், படைச்செலவை மஞ்சுகுவோ ஏற்கும் என்று பூயீயிடம் ரகசியக் கடிதம் ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு அமைச்சகத்திலும் மேலே சீனர் அல்லது மஞ்சு அமைச்சர், கீழே ஜப்பானியத் துணை அமைச்சர். துணை சொன்னால் அமைச்சர் கையெழுத்துப் போடுவார்.

பாதுகாப்பு ஒப்பந்தம், படைச்செலவு, தூதனே ஆள்பவன் ஆவது, உள்ளூர்ப் பெயரில் ஓடும் நிர்வாகம். தைக்காட்டு மதிலுக்கு வெளியே நின்றுகொண்டு இதை வாசித்தால் சிங்ஜிங்கில் ஒன்றும் புதிதில்லை. இந்த வித்தை ஜப்பான் கண்டுபிடித்ததல்ல. ஆசியா முழுக்கப் பழகிப்போன ஏற்பாட்டை அவர்கள் நூறு வருஷம் பிந்திச் செய்தார்கள், அவசரமாகச் செய்தார்கள், அதனால் தையல் வெளியே தெரிந்தது. 1933 பிப்ரவரி 24 அன்று சர்வதேச சங்கத்தில் மஞ்சுகுவோவை ஏற்பதில்லை என்று 42 நாடுகள் வாக்களித்தன. எதிர்த்து வாக்களித்தது ஜப்பான் மட்டும், சயாம் ஒதுங்கிக்கொண்டது. அந்த 42இல் பிரிட்டனும் இருந்தது. தைக்காட்டில் ரெசிடென்டை வைத்திருந்த பிரிட்டன்!

இப்படிச் சொல்வதால் இரண்டும் ஒன்று என்று ஆகிவிடாது. திருவிதாங்கூரில் ஓர் அரசகுடும்பம் தன் மண்ணில் வேர்விட்டு இருந்தது. மன்றோ ஊழல் அதிகாரிகளை ஒடுக்கினார், நீதிமன்றங்களை ஒழுங்குபடுத்தினார், கோயில் சொத்துகளை அரசின் நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தார், பிறகு பதவியை உள்ளூர்க்காரரிடம் விட்டு விலகினார். மஞ்சுகுவோவில் ஜப்பான் கட்டிய ரயிலும் உருக்காலையும் அகல வீதிகளும் கொஞ்சமல்ல. 1934இல் தாலியனிலிருந்து சிங்ஜிங்குக்கு எட்டரை மணிநேரத்தில் ஓடிய ‘ஆசியா’ விரைவு ரயில் போன்ற ஒன்று அப்போது ஜப்பானிலேயே ஓடவில்லை. ஆனால் பிங்ஃபாங் போன்ற ஒன்று இங்கே இருந்ததில்லை. அந்த வேறுபாட்டை மறைத்து ஒப்பிடுவது கெட்டிக்காரத்தனம் மட்டுமே.

என் வழக்கு நாயரோடுதான். ரெசிடென்டின் நிழலில் வளர்ந்தவருக்கு முத்தோவின் நாற்காலி அடையாளம் தெரியாமல் போயிருக்குமா? தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். நெய்யாற்றின்கரைக்காரருக்கு அது தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்? தெரிந்தும், தன் பகையை முடிக்க அது உதவும் என்று எண்ணியிருப்பார். அவரைக் கைக்கூலி என்று ஏசுவது எனக்கு உடன்பாடில்லை. முழுக்க மன்னிக்கவும் முடியவில்லை.

பக்கத்திலேயே மாடல் ஸ்கூல். நாயரைப் போலவே அந்நிய உதவியை நாடிய இன்னொருவர் இங்கே படித்தார்: செண்பகராமன் பிள்ளை, 1891இல் திருவனந்தபுரத்தில் பிறந்த நாஞ்சில் தமிழர். 1915 டிசம்பர் 1 அன்று காபூலில் ராஜா மகேந்திர பிரதாப் இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தபோது அதன் வெளியுறவு அமைச்சராகப் பெயர் குறிக்கப்பட்டவர். அந்த அரசுக்கு நிலம் இல்லை, மக்கள் இல்லை, பின்னால் நின்றது ஜெர்மனி. 1934இல் பெர்லினில் இறந்தார். அவருடைய அஸ்தியை மனைவி லட்சுமிபாய் 1966இல் இந்தியக் கடற்படைக் கப்பலில் கொண்டுவந்தார். இந்த ஊரிலிருந்து கிளம்பியவர்களுக்கு இன்னொருவன் தோளில் ஏறி நாட்டைப் பிடிக்கிற ஆசை இப்படித் தொடர்ந்து வந்திருக்கிறது.

அதில் மிகவும் மனதை அறுப்பது வக்கம் காதர் கதை. திருவனந்தபுரத்துக்கு வடக்கே வக்கத்தில் பிறந்து, பிழைப்புத் தேடி மலாயா போன இளைஞர். பினாங்கில் வழக்கறிஞர் என். ராகவன் நடத்திய இந்திய சுயராஜ்யப் பயிலகத்தில் சேர்ந்தார். 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கி அவரையும் கூட்டாளிகளையும் மலபார்க் கரையில் தானூர் அருகே இறக்கிவிட்டுப் போனது. உடனே பிடிபட்டார்கள். 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் காதரையும் தோழர்களையும் தூக்கிலிட்டார்கள். பையன்களை அனுப்புவதை ஜப்பானிய அதிகாரிகள் ராகவனைக் கேட்டுச் செய்யவில்லை. அவர் கொதித்துப்போய்ப் பயிலகத்தையே மூடினார். ராஷ் பிகாரி தலைமையிலான இந்திய சுதந்திரச் சங்கத்தினர், படையினர், ஜப்பானியர் என்று மூன்று பக்கமும் இழுபறி முற்றி, அந்த டிசம்பரில் இந்திய தேசிய ராணுவத்தின் தளபதி மோகன் சிங்கை ஜப்பானியர் கைதுசெய்யும்வரை போயிற்று. நாயர் அந்தச் சண்டையில் மோகன் சிங்கை ஏற்காமல் ராஷ் பிகாரியின் பக்கம் நின்றவர். யாருடைய கயிறு யார் கையில் என்ற கேள்வி சுபாஷ் போஸ் வருவதற்கு முன்பே அங்கே எல்லோர் வாயிலும் இருந்தது.

போஸ் வந்தார். 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் ஆசாத் ஹிந்த், அதாவது சுதந்திர இந்தியா, என்ற தற்காலிக அரசு பிறந்தது. அதை ஒன்பது நாடுகள் அங்கீகரித்தன. பட்டியலைப் பார்த்தால் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும். ஜப்பான், ஜெர்மனி, தாய்லாந்து போக மீதி ஆறும் இன்னொருவர் படையின் நிழலில் நின்றவை: முசோலினியின் எஞ்சிய இத்தாலி, குரோவேஷியா, நான்கிங் அரசு, பர்மா, பிலிப்பைன்ஸ், பிறகு நம்முடைய மஞ்சுகுவோ.

ஆசாத் ஹிந்துக்கு நிலம் என்று காட்ட அந்தமான் கிடைத்தது. 1943 டிசம்பர் 30 அன்று போஸ் போர்ட் பிளேரில் கொடியேற்றினார். தீவுகளுக்கு ஷஹீத், ஸ்வராஜ் என்று பெயரிட்டார். நிர்வாகத்துக்கு அனுப்பப்பட்டவர் ஒரு தமிழர், ராணுவ மருத்துவரான ஏ.டி. லோகநாதன். போய்ப் பார்த்தால் கல்வித் துறையைத் தவிர எதையும் ஜப்பானியக் கடற்படை அவர் கையில் கொடுக்கவில்லை. போலீஸ் அவர்களிடம். சிறை அவர்களிடம். அவர் போவதற்குச் சற்று முன், ஜனவரி 30 அன்று, ஹம்ஃப்ரிகஞ்சில் உளவாளிகள் என்று சொல்லி 44 பேரைச் சுட்டுக் குழியில் தள்ளியிருந்தார்கள். அங்கிருந்த இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைவர் டாக்டர் திவான் சிங்கையே சித்திரவதை செய்து கொன்றிருந்தார்கள். கல்வியை மட்டும் வைத்துக்கொண்டு லோகநாதன் என்ன செய்வார்? சில மாதம் பார்த்தார், உடம்பும் கெட்டது, திரும்பிவிட்டார்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஆசாத் ஹிந்தை மஞ்சுகுவோவோடு ஒரே பெட்டியில் போட என் கை போகவில்லை. காரணம் ஹச்சியா என்ற ஜப்பானியத் தூதர். 1945 தொடக்கத்தில் அவர் ரங்கூனுக்கு வந்தார். முறையான நியமனப் பத்திரம் கொண்டுவரவில்லை. தற்காலிக அரசுதானே, அது எதற்கு என்பது டோக்கியோவின் எண்ணம். பத்திரம் இல்லாமல் சந்திக்க முடியாது என்று போஸ் சொல்லிவிட்டார். தூதர் ரங்கூனில் காத்துக் கிடந்தார். பணம் இல்லை, இம்பாலில் தோற்றாகிவிட்டது, சோறு போடுவதும் ஜப்பானியர்தான். ஆனாலும் பத்திரம் எங்கே? சிங்ஜிங்கில் தூதர் நாட்டையே ஆண்டார். ரங்கூனில் தூதருக்கு வாசல் திறக்கவில்லை.

பூயீயின் கதை முடிந்த விதம் இதற்கு எதிர்ப்பக்கம். 1945 ஆகஸ்ட் 9 அன்று சோவியத் படை எல்லை தாண்டியது. ஒன்பது நாளில் அவர் முடிதுறந்தார். ஜப்பானுக்குத் தப்ப விமானம் ஏறப்போனவரை முக்டென் விமான நிலையத்தில் ரஷ்யர்கள் பிடித்தார்கள். மறு ஆண்டு டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் சாட்சிக்கூண்டில் ஏறி, தனக்கு எதிலும் விருப்பம் இருந்ததில்லை, எல்லாம் கட்டாயம் என்றார். அங்கே உண்மையை மறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டதாகப் பிற்காலத்தில் தன் வரலாற்றில் அவரே ஒப்புக்கொண்டார். அரியணை ஆசை அவருக்கு இருந்தது. கயிற்றைக் கட்டியவன் ஒருவன் என்றால், மணிக்கட்டை நீட்டியவன் இன்னொருவன். அதே விசாரணையில் இந்திய நீதிபதி ராதாபினோத் பாலுக்கு நாயர் உதவியாக இருந்தார். பூயீயின் அந்தச் சாட்சியத்தை அவர் எப்படிக் கேட்டிருப்பார் என்று தைக்காட்டுச் சரிவில் இறங்கும்போது யோசித்தேன்.

சரிவில் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி. உள்ளே யாரோ வயலின் சாதகம் செய்துகொண்டிருந்தார்கள். 1947 ஜூலை 25 இரவு இங்கே கச்சேரி கேட்டுவிட்டுக் கிளம்பிய திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரை கே.சி.எஸ். மணி வெட்டினார். பிரிட்டிஷார் போனதும் திருவிதாங்கூர் தனிநாடு என்று ஜூன் மாதம் அறிவித்திருந்தவர் சி.பி. வெட்டுப்பட்ட சில நாட்களில் மகாராஜா இந்திய யூனியனில் சேரச் சம்மதித்தார். அந்தத் தனிநாடு எவ்வளவு நாள் தனியாக நின்றிருக்கும், யார் மேல் சாய்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் இப்போதும் நாகர்கோவில் டீக்கடைகளில் உண்டு. எனக்கு அந்தக் கணக்கில் ஆர்வமில்லை.

தம்பானூரில் பஸ் பிடிப்பதற்கு முன் ஆரியசாலைக்கே திரும்பி நடந்தேன். அண்ணாச்சியிடம் மல்லியும் நல்லமிளகும் சொல்லி வைத்திருந்தேன். பொட்டலம் கட்டிக்கொண்டே அவர் காலையில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

“எங்க பெரிய தாத்தா ஒருத்தரு நடந்து வரல்ல. ரங்கூன்லயே தங்கிட்டாரு. ஜப்பான்காரன் ஓடின பொறகு, வெள்ளைக்காரன் வர முன்னாடி, கொஞ்ச நாளு நம்மாளுக தோக்கு வச்சிக்கிட்டு தெருவுல காவல் நின்னாங்களாம். அந்தக் கொஞ்ச நாளுதான் பயமில்லாமத் தூங்குனோம்னு சொல்லுவாராம். அது யாரு தம்பி?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. 1945 ஏப்ரல் கடைசியில் ஜப்பானியர் ரங்கூனை விட்டு ஓடினார்கள். பா மாவும் போய்விட்டார். 24ஆம் தேதி போஸ் தன் படையின் பெண்களையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார். போகுமுன், நகரத்து இந்தியர்களைக் கொள்ளையரிடமிருந்து காக்க இந்திய தேசிய ராணுவத்தில் சில ஆயிரம் பேரை விட்டுச் சென்றார். அந்தப் படைக்குத் தலைமை தாங்கியவர் அந்தமானில் கல்வித் துறையை மட்டும் பெற்றுக்கொண்டு திரும்பிய அதே லோகநாதன். மே 3 அன்று ஆங்கிலப் படை ரங்கூனுக்குள் வந்தது. அவர்களிடம் ஊரை ஒப்படைத்துவிட்டு, லோகநாதனும் அவருடைய ஆட்களும் கைதிகளானார்கள்.

“டாக்டரா அவரு?” என்றார் அண்ணாச்சி. “நம்மூர்க்காரரா?”

“தமிழருதான் அண்ணாச்சி.”

பெயரை இன்னொருமுறை சொல்லச் சொன்னார். கல்லாவில் கிடந்த ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் அதை எழுதிவைத்துக்கொண்டு, மல்லிக்கும் மிளகுக்கும் கணக்குப் போட்டார். மிளகு விலை போனமுறையைவிடக் கூடியிருந்தது.